வௌவாலுக்கு எட்டு வரி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலை 24-ஆம் தேதி தங்கள் பத்திரிகையின் உலகச் செய்திகள் பக்கத்தில், கீழே இடது ஓரமாக, இங்கிலாந்துப் பாடகர் ஒருவர் இறந்த செய்தி வந்திருந்தது. மொத்தம் 12 வரி. எண்ணிப் பார்த்தேன். அதில் 8 வரி அவர் மேடையில் வௌவாலின் தலையைக் கடித்த கதை. மீதி நாலு வரியில் வயது, ஊர், சாத்தானைப் பாடியவர் என்று ஒரு போடு. பெயரை 'ஓசி ஆஸ்போர்ன்' என்று அச்சடித்திருந்தீர்கள்.

நான் குன்னூர் ஓட்டுப்பட்டறையில் குடியிருக்கிறேன். 58 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் டீக்கடையில் வைத்துத்தான் உங்கள் பேப்பரைப் படிப்பது வழக்கம். அன்றைக்கு நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டு டீ மாஸ்டர், "என்னண்ணே, சொந்தக்காரங்க யாராச்சுமா?" என்றார். பேப்பரைக் காட்டினேன். வாய்விட்டுப் படித்தார். "ஓசியா? ஓசியில என்ன குடுத்தாரு?" என்று கேட்டுச் சிரித்தார். கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்ததுதான், பொய் சொல்வானேன். ஆனாலும் தொண்டையில் என்னவோ அடைத்த மாதிரி இருந்தது. மறுநாள் வரைக்கும் அது போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பெயர். அவரை ஆஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஜான் மைக்கேல் ஆஸ்போர்ன். 1948 டிசம்பர் 3-இல் பிறந்து, பர்மிங்காமில் ஆஸ்டன் என்ற பகுதியில் வளர்ந்தவர். ஆறு பிள்ளைகள், சின்ன வீடு. எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா இரவு ஷிப்டில் டூல் செய்கிற தொழிலாளி. அம்மா கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. இவர் 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஆடு மாடு வெட்டும் இடத்தில் கொஞ்ச நாள் இருந்தார். கொஞ்ச நாள் கார் ஹார்ன் சரியாக ஒலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிற வேலை. நாள் முழுக்க ஹார்ன். மேட்டுப்பாளையம் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவிலும் ஹார்ன் அடித்துக்கொண்டே ஏறி வருகிற பஸ்ஸில் போய்ப் பழகிய எங்களுக்கே இதை நினைத்தால் காது வலிக்கிறது. இடையில் திருட்டு வழக்கில் மாட்டி, அபராதம் கட்டக் காசில்லாமல் ஆறு வாரம் ஜெயிலிலும் இருந்தார். பாடம் படிக்கட்டும் என்று அப்பாவே அபராதத்தைக் கட்டவில்லை.

இனி வௌவால். 1982 ஜனவரி 20, அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் டெ மாய்ன் என்ற ஊர். கூட்டத்திலிருந்து யாரோ தூக்கி எறிந்தார்கள். ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டார். ஐயா, அந்த ஊசி மருந்தைச் செய்வதற்கென்றே 1907-இல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் தொடங்கின ஊர் எங்கள் குன்னூர். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட ஆட்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வௌவால் கதையைக் கேட்டு நாங்கள் வாயைப் பிளக்க மாட்டோம். 'பாவம், ஊசி வலிச்சிருக்கும்' என்போம்.

அவருடைய கேவலத்தைத்தான் எழுத வேண்டும் என்றால் வேறு இருக்கிறது. 1989-இல் போதையில் மனைவியின் கழுத்தை நெரித்துக் கைதானவர் அவர். குடி, போதை மருந்து, எல்லாம் உண்டு. ரசிகன் என்பதற்காக நான் அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அது உங்கள் 12 வரியில் இல்லை. வௌவால் இருக்கிறது.

சரி, குன்னூரில் ஒரு பிட்டருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நாங்கள் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். 1975-இல், எனக்கு 8 வயதில், தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. இங்கேயும் தேயிலைதான். என் அப்பா தோட்டத்தில் தப்பு மேளம் அடிப்பவர். சாவுக்கும் திருவிழாவுக்கும் அவர்தான். சித்தப்பா ஒருவர், பணக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் சமையல்கட்டு வேலை. லீவுக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகள் எறிந்துவிட்டுப் போகிற சாமான்களை அவர் வீட்டுக்கு எடுத்து வருவார். பாதி சோப்பு, ஒற்றை ஷூ, இப்படி. 1983-இல் ஒரு டிடிகே கேசட் வந்தது. மேலே பெயர் எதுவும் இல்லை. பேனாவால் ஒரு சிலுவை மட்டும் வரைந்திருந்தது. ஜெபப் பாட்டு என்று நினைத்துக்கொண்டோம்.

பக்கத்து லைன் கங்காணி மகனிடம் டேப் இருந்தது. ஐப்பசி அடைமழை. குன்னூர் மழை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், எங்களுக்கு ஆடி மாதம் வெறும் காற்றும் சாரலும்தான், உண்மையான மழை ஐப்பசி கார்த்திகையில் கொட்டும். தகரக் கூரை. கேசட்டைப் போட்டான். ஒன்றும் கேட்கவில்லை, மழைச் சத்தம்தான். 'ஓடலையே' என்று டேப்பைத் தட்டினான். அப்புறம்தான் தெரிந்தது, கேசட்டுக்கு உள்ளேயும் மழை பெய்துகொண்டிருந்தது. இடி வேறு. பின்னாலேயே கோயில் மணி, ஒன்று, விட்டு ஒன்று. மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயி, "கீழ சர்ச்சுல யாரோ போயிட்டாங்கடா, மணி அடிக்குது" என்றது. அந்த நேரம் பார்த்து கிட்டார் விழுந்தது பாருங்கள். மூன்றே மூன்று சுரம். அப்பாயி கையிலிருந்த உலக்கை அப்படியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அந்தக் குரல். அப்பாயி எங்கள் லைனில் ஒப்பாரி வைப்பதில் பெயர் பெற்றது. இரண்டு நிமிஷம் உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, "யாருக்கு அழுவுறான்னு தெரியல, ஆனா நல்லா அழுவுறான்" என்றது. 42 வருஷமாக எத்தனையோ பேர் ஆஸியின் குரலைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதற்கு மேல் ஒருவரும் சொன்னதில்லை.

பிளாக் சாபத் என்ற அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டு அது, 1970 பிப்ரவரி 13-இல் வெளிவந்தது என்பதெல்லாம் சில வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்களாம். நான்கு பேருமே ஆஸ்டன்காரர்கள். பாட்டு வரிகளைப் பெரும்பாலும் எழுதியவர் பேஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லர். சாத்தானைப் பாடினார்கள் என்று எழுதினீர்களே, ஏழைகளைச் சண்டைக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் ஒளிந்துகொள்ளும் தளபதிகளைத்தான் அந்த வருஷமே அவர்கள் சாத்தானுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடினார்கள். இன்னொன்று. அவர்கள் கழுத்தில் தொங்கிய பெரிய பெரிய உலோகச் சிலுவைகளைச் செய்து கொடுத்தது ஆஸியின் அப்பா. தொழிற்சாலையில் டூல் செய்கிற மனிதர், பையனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் சிலுவை அறுத்துக் கொடுத்திருக்கிறார். நானும் வேலை நேரத்தில் பிள்ளைகளுக்கு பம்பரத்து ஆணியும் தள்ளுவண்டிச் சக்கரமும் கடைந்தவன்தான். எனக்கு அந்த அப்பாவைத் தெரியும்.

அப்புறம் கிட்டார் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட், 350 ரூபாய், 'கிவ்சன்' என்று நம் நாட்டில் செய்தது. அவர்களுடைய கிட்டாரிஸ்ட் டோனி அயோமி வைத்திருப்பது கிப்சன். ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்று சொல்லிக்கொள்வேன். நீலகிரியில் கிட்டார் ஒன்றும் அதிசயமில்லை, ஐயா. சர்ச்சுக்குச் சர்ச் கிட்டார் உண்டு. எங்கள் ஊர் அம்மனுக்கே தந்தி மாரியம்மன் என்றுதான் பெயர். திருவிழாக்களில் மெல்லிசைக் குழு ஒன்றில் நானும் ரிதம் கிட்டார் வாசித்தேன்.

1991-இல் விரல் போயிற்று. எந்தத் தொழிற்சாலை என்று எழுதவில்லை, இப்போது அங்கே இருப்பவர்கள் வேறு ஆட்கள். சல்லடை மெஷினில் வி பெல்ட் வழுக்குகிறது என்று பார்க்கப் போனேன். புல்லிக்கு மேல் இருக்க வேண்டிய மூடியைக் கழற்றிப் பல மாதம் ஆகியிருந்தது. மெயினை நிறுத்தியாயிற்று என்று மேலேயிருந்து குரல் வந்தது. நிறுத்தியிருக்கவில்லை. இடது கை மோதிர விரல், நகத்தோடு போய்விட்டது. வலி அப்போது தெரியவில்லை. பெல்ட்டில் தேயிலைத் தூளோடு ரத்தம் ஒட்டிக்கொண்டு சுற்றி வந்ததுதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வைத்தியச் செலவுக்கு என்று 500 ரூபாய் கொடுத்தார்கள். நஷ்டஈடு என்று நினைத்துக்கொண்டேன். முன்பணமாம். அடுத்த இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

கிட்டாரை விற்றுவிடலாம் என்று ஒரு மியூசிக் மாஸ்டரிடம் கொண்டு போனேன். ஆங்கிலோ இந்தியர், தமிழ் நன்றாகப் பேசுவார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். கிட்டாரை வாங்கவில்லை. "டேய் தம்பி, அயோமிக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா உனக்கு?" என்றார். எனக்குத் தெரியாது. நீங்களே சொல்லுங்கள் ஆசிரியர் ஐயா, எட்டு வருஷமாக ஒருவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவருக்கு விரல் நுனி கிடையாது என்பது எனக்குத் தெரியாது!

அயோமிக்குத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. வயது 17. கடைசி நாள், மறுநாள் முதல் இசைதான் என்று முடிவாகிவிட்டது. மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், இனித் திரும்பிப் போவதாக இல்லை என்றிருக்கிறார். அம்மாதான், ஒழுங்காகப் போய் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினாராம். அன்றைக்கு வேறு ஒருவர் வேலைக்கு வராததால் பழக்கமில்லாத மெஷினில் நிற்க வைத்தார்கள். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயிற்று. அவர் இடது கைக்காரர், தந்தியை அழுத்துவது வலது கையால். வீட்டில் முடங்கிக் கிடந்தவரைப் பார்க்க வந்த போர்மேன் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்பவர் வாசித்தது. 1928-இல் தீ விபத்தில் இடது கை வெந்துபோய், இரண்டு விரலை மட்டும் வைத்து வாசித்தவர் அவர். அதைக் கேட்டுவிட்டு அயோமி, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன் மேல் பழைய தோல் ஒட்டிக்கொண்டு திரும்பவும் வாசிக்கத் தொடங்கினார்.

அந்தப் போர்மேன் யாரோ, எனக்கு இந்த மாஸ்டர்.

நானும் ஷாம்பு பாட்டிலை உருக்கிப் பார்த்தேன். வழுக்கியது. கடைசியில் சைக்கிள் டியூப் துண்டுதான் சரிப்பட்டது. ஆனாலும் தந்தி இறுக்கமாக இருந்தால் விரல் நுனியில் சுரீர் என்று ஏறும். அயோமிக்கும் அதே தொல்லை. முதலில் மெல்லிய தந்திகளைப் போட்டுப் பார்த்தார். 1971-இல் வந்த மூன்றாவது இசைத்தட்டில் தந்திகளைத் தொய்வாக்கிச் சுருதியை மூன்று அரைப்படி இறக்கிவிட்டார். வலி குறைந்தது. ஓசை கனத்துவிட்டது. ஹெவி மெட்டல் என்று உலகம் முழுக்க இன்றைக்கு எத்தனை ஆயிரம் குழுக்கள் வாசிக்கின்றனவோ, அதில் எத்தனையோ பேர் ஒரு தொழிலாளியின் வலிக்காக இறக்கிய சுருதியில்தான் வாசிக்கிறார்கள்.

நான் தந்தியை இறக்கி வாசித்த அன்று அப்பா திண்ணையில் இருந்தார். "மழையில ஊறுன தப்பு மாதிரி இருக்கேடா" என்றார். தப்பைக் கவ்வாத்து மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட தேயிலைச் சுள்ளி, போட்டுக் காய்ச்சினால்தான் கணீர் என்று பேசும். ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டால் தொம் தொம் என்று நெஞ்சுக்குள் அடிக்கும். மழைக்காலத்துச் சாவுகளில் அப்பா சில நேரம் காய்ச்சாமலே அடிப்பார். ஏன் என்று கேட்டதற்கு, 'இதுவே போதும்' என்பார்.

மெல்லிசைக் குழுவில் கீபோர்டுக்காரர், "அண்ணே, உங்க சுருதிக்கு நாங்க எறங்க முடியாது" என்று கைகூப்பிவிட்டார். அதோடு மேடை முடிந்தது. வீட்டில் வாசிப்பேன். தொழிற்சாலையில் தேயிலையை உருட்டுகிற ரோலிங் டேபிள் நிமிஷத்துக்கு 40 சொச்சம் சுற்று சுற்றும், மெதுவாக, கனமாக. அந்தத் தாளத்துக்கு இந்தப் பாட்டுகள் அப்படியே உட்காரும். என் வீட்டம்மாவுக்கு இது பேய்ப் பாட்டுதான். இருந்தாலும் ஜூலை 23 காலையில் கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் செய்து, "அப்பா, ஆஸி போயிட்டார்" என்று சொன்னபோது, போனை வாங்கி "அப்பா சாப்பிடலடி" என்று மகளிடம் சொன்னது வீட்டம்மாதான்.

ஜூலை 5-இல் அவர் ஊரிலேயே, வில்லா பார்க் மைதானத்தில், கடைசிக் கச்சேரி. நடுக்கவாத நோய் இருப்பதை 2020-இல் சொல்லிவிட்டார். நிற்க முடியாமல் கறுப்புச் சிம்மாசனம் ஒன்றில் உட்கார்ந்து பாடினார். பழைய நாலு பேரும் 20 வருஷம் கழித்து ஒரே மேடையில். வந்த வருமானம் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் நடுக்கவாத ஆராய்ச்சிக்கும் என்று அறிவித்திருந்தார்கள். மகள் போனில் காட்டினாள். எழுந்திருக்கப் பார்த்து எழுந்திருக்க முடியாமல் கையை மட்டும் தட்டுகிறார். சரியாக 17 நாள். ஜூலை 22-இல் போய்விட்டார். 76 வயது. 30-ஆம் தேதி பர்மிங்காம் பிராட் தெருவில் ஊர்வலம், ஊர் பேண்டுக்காரர்கள் முன்னால் வாசித்துப் போக, அவர்கள் குழுவின் பெயரை வைத்த பாலத்தில் பூவாகக் குவித்திருந்தார்கள். சாவென்றால் வாத்தியம் முன்னால் போக வேண்டும். இந்த மலையில் படுகர் வீட்டுச் சாவுக்குக் கோத்தர்கள் வந்து வாசித்த காலம் உண்டு, எங்களுக்குத் தப்பு. அங்கேயும் அப்படித்தான் என்று பார்த்தபோது ஏனோ ஆறுதலாக இருந்தது.

எங்கள் ஊரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், எந்தப் பேப்பரிலும் வராது. 27-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தெரிந்தவர் ஒருவரின் வெல்டிங் பட்டறையில் ஒன்பது பேர் கூடினோம். பட்டறைக்காரர், அருவங்காடு கார்டைட் பாக்டரியில் ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், டாக்சி ஓட்டுகிற இரண்டு பேர், வர்க்கி சுடுகிற பேக்கரித் தம்பி, ஒரு காலேஜ் பையன், கறுப்பு டி-ஷர்ட் போட்ட இரண்டு பெண்பிள்ளைகள், நான். மெழுகுவர்த்தி கொண்டுவர ஆளில்லை, கேஸ் வெல்டிங் டார்ச்சைச் சின்னதாக ஏற்றி வைத்தார் பட்டறைக்காரர். போனில் அந்த முதல் இசைத்தட்டைப் போட்டோம். வெளியே சாரல். மணி அடித்தது.

பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் கார்டைட் அண்ணன் வாயைத் திறந்தார். 1979-இல் ஆஸியை வெளியே அனுப்பிவிட்டு டியோ என்ற பாடகரைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தக் குழுவுக்குப் பாட்டே வந்தது என்றார். "சாவு வீட்டுல வந்து பேசுற பேச்சாண்ணே இது?" என்று டாக்சிக்காரர் எழுந்துவிட்டார். அரை மணி நேரம் சண்டை. டார்ச்சை அணைக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டு பெண்பிள்ளைகளும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

அதில் ஒரு பிள்ளைதான் என் விரலைப் பார்த்துவிட்டு, வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டது. கிவ்சனைக் கொண்டு போயிருந்தேன். சாவியைத் திருகி ஆறு தந்தியையும் இறக்கினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன அங்கிள், துணி காயப்போடுற கொடி மாதிரி தொங்குது" என்றது. டியூப் துண்டை மாட்டிக்கொண்டு அந்த மூன்று சுரத்தை வாசித்தேன். பட்டறையில் சாத்தி வைத்திருந்த தகடுகள் எல்லாம் கூடச் சேர்ந்து அதிர்ந்தன. பேக்கரித் தம்பி வர்க்கியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றான்.

ஆகவே தாங்கள் ஒரு திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 'ஓசி' இல்லை, ஆஸி. இடம் இருந்தால் ஹார்ன் சோதித்த வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடமில்லை என்றால் வௌவாலை எடுத்துவிட்டால் எட்டு வரி கிடைக்கும்.

பட்டறையில் கூடிய அன்றைக்கு டீ கொண்டு வரச் சொல்லியிருந்தோம். டீ மாஸ்டரே தூக்குப்பாத்திரத்தில் எடுத்து வந்தார். ஒன்பது கிளாஸ். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். காசை நீட்டினேன், வாங்கவில்லை. "இருக்கட்டும்ணே, இன்னைக்கு ஓசி" என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவர்,
ஓட்டுப்பட்டறை, குன்னூர்.

(பெயர் போட வேண்டாம். மெல்லிசைக் குழுக்காரர்கள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.)